பேஸ் கிற்றாரின் சத்தத்தை மாற்ற எந்தப் பிக்கப் வாங்கலாம்?

புதுக்குடியிருப்புப் பக்கம் இசைக்குழு ஒன்றில் பேஸ் வாசிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருப்பது இது. பாவித்ததாக வாங்கிய பிஜே வகைப் பேஸ் கிற்றார் அவருடையது. அதாவது தந்தியின் அதிர்வை மின் அலையாக்கும் பிக்கப் இரண்டு உள்ளது: முன்னால் பி (பிரிசிஷன்), பின்னால் ஜே (ஜாஸ்). வீட்டில் ஓரளவு நன்றாகக் கேட்கிறது. கோயில் திருவிழா மேடையில் ஏறினால் சத்தம் சேறாகிவிடுகிறது, எந்தச் சுரம் வாசிக்கிறோம் என்று அவருக்கே பிடிபடுவதில்லை. பின் பிக்கப்பைத் திறந்தால் ஓர் இரைச்சல் வேறு. கனடாவில் இருந்து மாமா வருகிறார், அவரிடம் ஒரு சோடி நல்ல பிக்கப் கொண்டுவரச் சொல்லலாமா, எதைச் சொல்வது என்று கேட்கிறார்.

சொல்லலாம் தம்பி. ஆனால் ஒரு சோடி வேண்டாம், ஒன்று போதும். பின்னால் இருக்கும் ஜே பிக்கப்பை இரைச்சல் பிடிக்காத வகைக்கு மாற்றுங்கள். முன்னால் இருக்கும் பி பிக்கப்பை இப்போதைக்குத் தொட வேண்டாம். சேறு என்று நீங்கள் சொல்வதில் பெரும்பங்கு பிக்கப்பின் குறை இல்லை என்றுதான் நினைக்கிறேன். அதை முதலில் தீர்த்துவிட்டுப் பிறகு காசைச் செலவழியுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை ஆறுதலாக எழுதுகிறேன். உங்களைப் போல இன்னும் சிலரும் இதே யோசனையில் இருப்பீர்கள்.

பிக்கப் என்பது என்ன? ஒரு காந்தம், அதைச் சுற்றி மயிர் போன்ற மெல்லிய செப்புக் கம்பி சில ஆயிரம் சுற்று. அவ்வளவுதான். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்காலத்தில் வன்னியில் பற்றரி இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அந்த டைனமோவும் இதே வேலையைத்தான் செய்தது. அங்கே காந்தம் சுழன்றது, சுருளில் மின்சாரம் பிறந்தது. இங்கே காந்தம் அசையாது. அதன் மேலே உருக்குத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் ஆடுகிறது, அந்த ஆட்டம் சுருளில் மிகச் சிறிய மின் அலையாகிறது. ஆகவே பிக்கப் புதிதாக ஒரு சத்தத்தை உண்டாக்குவதில்லை. தந்தியில் இருக்கும் அதிர்விலிருந்து சிலதைக் கூட்டியும் சிலதைக் குறைத்தும் எடுத்துக்கொடுக்கிறது. தந்தியில் இல்லாத ஒன்றை எந்த விலைப் பிக்கப்பும் தராது.

அதனால் முதல் கேள்வி தந்தியைப் பற்றியது. உங்கள் கிற்றாரில் இருக்கும் தந்தி எப்போது போட்டது? பாவித்ததாக வாங்கினால் பெரும்பாலும் பழைய சொந்தக்காரர் போட்ட தந்திதான் இருக்கும். நமது வெக்கையில் கை வியர்க்கும். முல்லைத்தீவுக் கரையில் உப்புக்காற்று வேறு. வரிச்சுற்று உள்ள தந்தியின் இடுக்குகளில் வியர்வையும் அழுக்கும் ஏறிவிட்டால் மேல் ஓசை எல்லாம் செத்துவிடும். கேட்பது ஒரு மந்தமான தொம் தொம் மட்டும். புதிதாக ஒரு செட் 45 முதல் 105 வரையிலான (தடிப்பு, அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) நிக்கல் தந்தி போட்டுப் பாருங்கள். பிக்கப் மாற்றியதால் வரும் வித்தியாசத்தை விட இது பெரிதாக இருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். தட்டையான சுற்றுள்ள தந்தி வேறு சாதி. அமெரிக்காவின் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் பழைய பாட்டுகளில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த அந்தக் குண்டான, வால் இல்லாத ஒலி பிரிசிஷன் பேஸில் தட்டைத் தந்தி போட்டு வந்தது. அது வேண்டுமென்றால் அதற்கும் தந்திதான் வாசல்.

அடுத்தது உயரம். பி பிக்கப்பின் இரண்டு பாதிகளுக்கும் கீழே ஒரு பஞ்சுத் துண்டு இருக்கும். ஸ்க்ரூவைத் தளர்த்தும்போது பிக்கப்பை மேலே தள்ளுவது அதுதான். சில வருடங்களில் அந்தப் பஞ்சு நசுங்கி, விரலால் தொட்டால் பொடியாக உதிரும். அப்புறம் எவ்வளவு ஸ்க்ரூவைத் திருப்பினாலும் பிக்கப் மேலே வராது, குழிக்குள்ளேயே கிடக்கும். சத்தம் மெலிந்து போகும். அதை ஈடுகட்ட அம்பில், அதாவது அம்பிளிஃபயரில், பேஸைக் கூட்டுவோம், அங்கிருந்து சேறு தொடங்கும். பழைய மெத்தைப் பஞ்சில் இரண்டு துண்டு வெட்டி அடியில் வைத்தாலே போதும். கடைசி ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) தந்தியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிக்கப்பின் முனைக்கும் தந்தியின் அடிப்பக்கத்துக்கும் இடைவெளியை அளவுங்கள். தடித்த தந்திப் பக்கம் 3 மில்லிமீற்றர், மெல்லிய தந்திப் பக்கம் 2 முதல் 2.5 மில்லிமீற்றர் என்று தொடங்கலாம். அங்கிருந்து காதை நம்பிக் கூட்டிக் குறையுங்கள். அளவுக்கு மீறி நெருக்க வேண்டாம். காந்தம் தந்தியை இழுக்கும். மேல் ஃபிரெட்டுகளில் சுருதி தடுமாறும், சுரம் நீண்டு நிற்காது.

சரி, இவை இரண்டும் முடிந்தும் மேடையில் சேறு என்றால், மேடையைப் பார்க்க வேண்டும். இது பேசப்படுவதே இல்லை, ஆனால் வன்னியில் பேஸ் வாசிப்பவருக்கு இதுதான் பெரிய விஷயம். நாலு தந்திப் பேஸின் திறந்த ஈ தந்தி 41 ஹேர்ட்ஸ். நம் ஊர்ச் சவுண்ட் சேவைக்காரர் கொண்டுவரும் சாதாரண பொக்ஸ்களில் அந்த அளவு கீழே நேர்மையாக ஒலிப்பவை குறைவு. வற்றாப்பளை அம்மன் கோயில் மாதிரித் திறந்த வெளியில் சுவர் இல்லை, கூரை இல்லை, ஆழமான ஓசை நாலு திசையும் போய்க் கரைந்துவிடும். கேட்பவரின் காது அந்த 41ஐக் கேட்பதில்லை. அதன் மடங்குகளான 82, 123, 164 இவற்றைக் கேட்டு, அடிச்சுரம் எது என்று மூளை தானே கட்டிக்கொள்கிறது. ஆகவே சுரம் தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் நடு ஓசை வேண்டும், குத்துமதிப்பாக 200 முதல் 800 ஹேர்ட்ஸ் வரை. நாம் என்ன செய்கிறோம்? பேஸ் கேட்கவில்லை என்று ஆழத்தைக் கூட்டி நடுவை வெட்டுகிறோம். வீட்டில் தனியாக வாசிக்கும்போது அது வடிவாகத்தான் இருக்கும். மேடையில் ட்ரம்மின் உதை, கீபோர்ட்டின் இடது கை, தவில் இருந்தால் அதன் தொப்பி, எல்லாம் அதே இடத்தில் நெரிபடும். இளையராஜாவின் பாட்டுகளில் பேஸ் தனிக் குரல் போல நடந்துபோகும். அந்த நடையை மேடையில் கொண்டுவர ஆழம் மட்டும் போதாது, ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு முகம் வேண்டும். முகம் நடு ஓசையில்தான் இருக்கிறது. கொங்கிறீற் சுவரும் தகரக் கூரையும் உள்ள மண்டபத்தில் நிலைமை தலைகீழ், அங்கே ஆழம் தேங்கி முழங்கும். அங்கும் மருந்து ஒன்றுதான்: ஆழத்தைக் குறை, நடுவை விடு.

இந்த இடத்தில்தான் உங்கள் பி பிக்கப்பை ஏன் தொட வேண்டாம் என்கிறேன் என்பது விளங்கும். அமெரிக்கக் கிற்றார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தார். 1957இல் அதன் பிக்கப்பை இரண்டாகப் பிளந்து, பாதிக்கு இரண்டு தந்தி என்று வைத்தார்கள். இன்றைக்கு பி என்று நாம் சொல்வது அந்த அமைப்பைத்தான். அதன் இயல்பான குணமே திரட்டான நடு ஓசை. மலிவுக் கிற்றாரில் இருக்கும் பி பிக்கப்கூட அந்தக் குணத்தை விட்டுக்கொடுப்பதில்லை. ஏனென்றால் குணத்தின் பெரும்பகுதி பிக்கப்பின் பெயரில் இல்லை, அது நிற்கும் இடத்தில் இருக்கிறது. தந்தியின் நடுப்பக்கம் நெருங்க நெருங்க அடிச்சுரம் கூடும். பாலத்தை (தந்தி கீழ் முனையில் தங்கி நிற்கும் பாகம்) நெருங்க நெருங்க அடி குறைந்து மேல் மடங்குகள் கூடும், மூக்கால் பாடுவது போன்ற ஒரு கூர்மை வரும். அமெரிக்கப் பேஸ் கலைஞர் ஜாக்கோ பஸ்தோரியஸின் அந்தப் பேசும் பேஸ் ஒலி ஜாஸ் பேஸின் பின் பிக்கப்பில் இருந்து வந்தது. பி மட்டும் உள்ள கிற்றாரில் எவ்வளவு விலையுள்ள பிக்கப் பூட்டினாலும் அது வராது. உங்களிடம் பின்னால் ஒரு ஜே இருக்கிறது, அதனால் உங்களுக்கு அந்த வழி திறந்திருக்கிறது. ஆனால் இரைச்சல் காரணமாக அதை மூடி வைத்திருக்கிறீர்கள்.

இனி அந்த இரைச்சல். பி பிக்கப்பின் இரண்டு பாதிகளும் எதிரெதிர்த் திசையில் சுற்றப்பட்டு, எதிரெதிர்க் காந்தமுனை கொண்டவை. தந்தியின் அலை இரண்டிலும் கூடும், வெளியே இருந்து வரும் மின் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துவிடும். ஆகவே பி தனியே இருக்கும்போது அமைதி. சாதாரண ஜே ஒற்றைச் சுருள். அது காற்றில் இருக்கும் எல்லாவற்றையும் பிடிக்கும். 1960இல் வந்த ஜாஸ் பேஸில் இரண்டு ஜே இருக்கின்றன. இன்றைக்கு அவற்றை ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றித்தான் செய்வார்கள். இரண்டு வொலியூமையும் ஒரே அளவில் வைத்தால் இரைச்சல் அடங்கும். அந்த நம்பிக்கையில் பிஜே வைத்திருப்பவர்களும் இரண்டையும் முழுதாகத் திறந்து பார்ப்பார்கள். அடங்காது. பி தன் இரைச்சலைத் தானே தீர்த்துக்கொண்டுவிட்டது, ஜேயின் இரைச்சலை அடிக்க எதிர்ச்சுருள் யாரும் இல்லை. பிஜே கிற்றாரில் ஒற்றைச் சுருள் ஜே இருக்கும் வரை அதைத் திறந்தால் இரையும். பழுது இல்லை, கட்டமைப்பே அப்படி.

நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ஈ தந்தியில் மூன்றாம் ஃபிரெட்டில் வரும் ஜி சுரம் 49 ஹேர்ட்ஸ். உங்கள் இரைச்சல் கிட்டத்தட்ட அந்த ஜியிலேயே வந்து உட்காருகிறது. அம்பில் அதை வெட்டப் போனால் சுரமும் சேர்ந்து போகும். அதனால் இரைச்சலைப் பிறக்கும் இடத்திலேயே நிறுத்த வேண்டும்.

பிக்கப்பைக் குற்றம் சொல்லும் முன் சின்னச் சோதனை செய்யுங்கள். ஜேயை மட்டும் திறந்து, வாசிக்காமல் நின்று, உடம்பைக் கிற்றாரோடு மெல்லத் திருப்புங்கள். ஒரு திசையில் இரைச்சல் கூடி இன்னொரு திசையில் குறைந்தால் அது சுருள் பிடிக்கும் காந்த இரைச்சல், பிக்கப்பை மாற்றினால் போகும். தந்தியைத் தொட்டதும் கிரீச் என்ற சத்தம் குறைந்தால் உள்ளே கவசம் போதாது, அது செப்புத் தாள் ஒட்டிச் சரிசெய்யும் வேலை. தந்தியைத் தொட்டதும் சத்தம் கூடினால் எங்கோ கிரவுண்ட் வயர் விட்டிருக்கிறது அல்லது மாறிப் பூட்டப்பட்டிருக்கிறது. பாலத்தின் அடியில் இருந்து வரும் வயரைப் பாருங்கள். செப்புத் தாள் பற்றி ஒரு சொல்: அது சலசலப்பைத் தடுக்கும், 50 ஹேர்ட்ஸ் முழக்கத்தைத் தடுக்காது. குழி முழுக்கச் செப்பு ஒட்டிவிட்டு இன்னும் இரைகிறதே என்று மனம் உடைந்து வருபவர்கள் உண்டு. இரண்டும் வேறு வேறு நோய்.

இப்போது எதை வாங்குவது. ஜே வடிவத்துக்குள்ளேயே இரண்டு சுருளை அடக்கிய பிக்கப்கள் இருக்கின்றன. சிலதில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள், சிலதில் தந்திகளைப் பங்கிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பார்கள். டிமார்சியோவின் மாடல் ஜே, சீமோர் டங்கனின் ஸ்டாக் வகை ஜே, இரண்டும் இந்தச் சாதிதான். அடுக்கு வகையில் உச்ச ஓசை ஒரு துளி குறைந்து சற்றுத் தடிப்பாகக் கேட்கும். உங்கள் வேலைக்கு அது பாதகம் இல்லை, உதவிதான் என்பேன். இன்னொன்று, பாலத்தருகே தந்தி ஆடும் அளவு குறைவு, அதனால் பின் பிக்கப் இயல்பாகவே மெலிந்து கேட்கும். மெலிந்த ஜே வாங்கினால் பியின் முன்னால் அது தொலைந்துபோகும். ஆகவே ஜேயில் கொஞ்சம் பலமாகச் சுற்றியதை, பாலப் பக்கத்துக்கு என்று குறிப்பிட்டதை வாங்குங்கள். காசு இடம் கொடுக்காவிட்டால் ஆர்டெக், வில்கின்சன் போன்ற மலிவான பெயர்களிலும் பிக்கப் கிடைக்கும். ஒற்றைச் சுருளை மட்டும் வாங்கிவிடாதீர்கள், எடுத்த நோக்கமே போய்விடும்.

பலம் என்றதும் எல்லோரும் ஓம் கணக்கை, அதாவது சுருளின் மின்தடையைப் பார்ப்பார்கள். பி பிக்கப் 10, 11 கிலோ ஓம், ஜே 7, 8 கிலோ ஓம் என்பது வழக்கமான அளவுகள். எண் கூடினால் பலம் கூடும் என்று நினைப்பது பாதிதான் உண்மை. 42 கேஜ் கம்பிக்குப் பதில் இன்னும் மெல்லிய 43 கேஜ் கம்பியில் சுற்றினால் அதே சுற்றுக்கு ஓம் கூடும், பலம் கூடாது. செப்பின் தடை வெப்பத்தோடும் ஏறும், ஒரு பாகைக்கு 0.4 சதவீதம் அளவில். குளிரூட்டிய அறையில் அளந்த 10.5 கிலோ ஓம் பிக்கப், கிளிநொச்சி மத்தியான வெயிலில் 11ஐத் தொடும். அதைப் பார்த்துப் போலி என்று சண்டைக்குப் போக வேண்டாம். ஒரே கம்பியில் சுற்று கூடினால் நடப்பது இதுதான்: சத்தம் கூடும், சுருளின் மின்தூண்டல் கூடும், பிக்கப் தானாக உயர்த்திக் காட்டும் உச்சி கீழே இறங்கும். மேல் பளபளப்புக் குறைந்து நடு தடிக்கும். ஹொட் என்று பெயர் போட்டவை இந்த ரகம். சுற்றுக் குறைந்தவை மெலிவாக, ஆனால் திறந்த வெளிச்சமான சத்தமாக இருக்கும். சீமோர் டங்கனின் குவாட்டர் பவுண்ட் வகையில் காந்தக் கோலே கால் அங்குலத் தடிப்பு. பெரிய சத்தம், பெரிய ஆழம். ரொக் வாசிப்பவருக்குப் பிடிக்கும். பக்திப்பாட்டும் திரைப்பாட்டும் கலந்து வாசிக்கும் குழுவுக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

அல்நிகோ காந்தமா செராமிக் காந்தமா என்று ஒரு வாதம் முடிவில்லாமல் நடக்கும். அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த இரும்புதான் அல்நிகோ, பழைய ஃபெண்டர் ஒலிக்கு அல்நிகோ 5 என்பது வழமை. செராமிக் என்றால் கரகரப்பு என்று ஒதுக்குவது சரியில்லை. செராமிக் பிக்கப்களில் காந்தம் அடியில் பட்டையாக இருந்து, உருக்குத் துண்டுகள் மேலே வருவது வழக்கம். அந்த உருக்கு சுருளின் குணத்தை மாற்றுகிறது. நம் காதில் விழும் வித்தியாசத்தில் பெரும்பகுதி இந்த அமைப்பால் வருவது. காந்தத்தின் பெயரைப் பார்த்து முடிவெடுக்காமல், அந்தப் பிக்கப்பை யாராவது வாசித்த பதிவைக் கேளுங்கள். அதுவும் குழுவோடு வாசித்ததை.

ஈஎம்ஜி போன்ற அக்டிவ் பிக்கப் பற்றியும் கேட்பீர்கள். உள்ளேயே ஒரு சிறு பெருக்கி, 9 வோல்ட் பற்றரி, இரைச்சல் மிகக் குறைவு, நீண்ட வயரிலும் உச்ச ஓசை குறையாது. ஜெனரேற்றரில் ஓடும் மேடைக்கு இது நல்ல தேர்வு என்று மனதாரச் சொல்வேன். சத்தத்தை விட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. சாதாரணக் கிற்றாரில் தந்தி கிரவுண்டோடு இணைந்திருக்கும். ஜெனரேற்றருக்கு எர்த் ஒழுங்காக அடிக்காத மேடையில், தந்தியைப் பிடித்தபடி மைக்கில் வாய் வைத்தால் உதட்டில் கரண்ட் அடிக்கும். அது உயிர் போகும் அளவுக்கும் போகலாம். ஈஎம்ஜி பூட்டும்போது பாலத்துக்குப் போகும் அந்த வயரைக் கழற்றிவிடச் சொல்வார்கள், தந்தி கிரவுண்ட் இல்லாமலே அது அமைதியாக இருக்கும். அதனால் அந்த ஆபத்து குறையும். அதற்காக எர்த்தைக் கவனிக்காமல் விடக் கூடாது. எந்தப் பிக்கப் ஆனாலும், மேடையில் ஏறியதும் சவுண்ட் சேவைக்காரரிடம் எர்த் அடித்திருக்கிறதா என்று கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

ஆனால் அக்டிவ் என்றால் பி, ஜே இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அதன் வொலியூம் குமிழ் 25 கிலோ ஓம், சாதாரணப் பிக்கப்புக்கு 250 கிலோ ஓம். ஒன்றை மட்டும் அக்டிவ் ஆக்கினால் மற்றது அந்த 25இல் மூச்சுத் திணறி மந்தமாகிவிடும். பற்றரி இருந்தாலே அக்டிவ் பிக்கப் என்று நினைக்கவும் கூடாது. பல கிற்றார்களில் பிக்கப் சாதாரணமானது, பின்னால் இருக்கும் டோன் சுற்று மட்டும் பற்றரியில் ஓடும். உதாரணமாக ஐபனீஸ் ஜிஎஸ்ஆர் 200இல் பிஜே பிக்கப்பும் பேஸைக் கூட்டும் ஒரு சின்ன அக்டிவ் சுற்றும் இருக்கின்றன. அந்தக் கூட்டும் குமிழை முழுதாகத் திறந்து வைத்துவிட்டுச் சேறு என்று வருந்துபவர்களை எனக்குத் தெரியும். உங்களுடையது அந்த மாதிரி என்றால் முதலில் அதை மூடிப் பாருங்கள், பற்றரியையும் மாற்றுங்கள். வாசித்து முடிந்ததும் வயரைக் கிற்றாரில் இருந்து கழற்றி வையுங்கள், செருகியிருக்கும் வரை பற்றரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

மாமாவிடம் சொல்லும் முன் அளந்துகொள்ளுங்கள். ஜே பிக்கப்பில் இரண்டு நீளம் உண்டு, ஏறத்தாழ 92 மில்லிமீற்றர், 95 மில்லிமீற்றர். பின்னுக்கு வருவது நீளமானது என்பது வழமை, ஆனால் ஆசியத் தயாரிப்புகள் சிலதில் முன்னும் பின்னும் ஒரே அளவு. பிக்கப்பைக் கழற்றிக் குழியையே அளவுங்கள், நீளம், அகலம், ஆழம் மூன்றையும். ஸ்க்ரூத் துளைகள் எங்கே இருக்கின்றன என்று பக்கத்தில் அடிமட்டம் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். கனடாவில் இருந்து வந்த சாமானைத் திருப்பிக் கொடுக்க முடியாது. ஐந்து தந்தி என்றாலும், மூடிய சவர்க்காரக் கட்டி வடிவப் பிக்கப் என்றாலும் அளவுகள் முற்றிலும் வேறு. பெரிய மரவேலை செய்து குழி தோண்டும் யோசனை வந்தால் விட்டுவிடுங்கள்.

பொட் (வொலியூம், டோன் குமிழ்களின் அடியில் இருக்கும் பாகம்), டோனோடு இணைந்த கெப்பாசிற்றர் இரண்டையும் அதே நேரம் பார்ப்பது நல்லது. மலிவுக் கிற்றாரில் வரும் பொட் உப்புக்காற்றில் சீக்கிரம் கரகரக்கும். 250 கிலோ ஓம் போட்டால் இதமான சத்தம், 500 போட்டால் உச்சம் கூடும். டோனுக்கு 0.047 மைக்ரோஃபரட் போதும். நீங்கள் எப்போதும் டோனை முழுதாக மூடியே வாசிப்பவர் என்றால் புதுப் பிக்கப்பின் பெரும்பாலான வித்தியாசம் அந்த மூடலுக்குள் மறைந்துவிடும். அப்படியானால் உங்களுக்குத் தேவை இரைச்சல் இல்லாமை மட்டும், மலிவானதே போதும்.

பூட்டுவது கடினமான வேலை இல்லை. ஊரில் ரேடியோ, ஃபோன் திருத்தும் கடைக்காரர் யாரும் செய்வார். முதலில் உள் வயர்களைப் படம் எடுங்கள். 40 வாட் சோல்டரிங் அயன், ரோசின் உள்ள ஈயம். தகரம் ஒட்டும் அமிலப் பசை தொடவே கூடாது, சில மாதத்தில் செப்பை அரித்துவிடும். பொட்டின் முதுகில் கிரவுண்ட் பற்றவைக்கும்போது கொஞ்சம் அரத்தால் சுரண்டிவிட்டுச் சட்டென்று முடியுங்கள், நீண்ட நேரம் சூடாக்கினால் உள்ளே இருக்கும் கரித்தடம் கெடும். மூடும் முன் அம்பில் செருகி, ஸ்க்ரூ டிறைவரால் ஒவ்வொரு காந்த முனையையும் மெல்லத் தட்டுங்கள். இரண்டு பிக்கப்பிலும் டக் டக் என்று கேட்க வேண்டும்.

அப்புறம் கடைசிச் சோதனை, இதை விட்டுவிடாதீர்கள். வேறு வேறு கம்பனிப் பிக்கப் இரண்டைச் சேர்க்கும்போது ஒன்றின் அலை மேலே போகும்போது மற்றதன் அலை கீழே போகலாம். தனித்தனியே இரண்டும் நன்றாகக் கேட்கும், இரண்டையும் ஒரே அளவில் திறந்ததும் ஆழம் முழுக்க மாயமாகி, சத்தம் மெலிந்து தகர டப்பா போல ஆகிவிடும். புதுப் பிக்கப் மோசம் என்று நினைத்துவிட வேண்டாம், ஒரு பிக்கப்பின் சூட்டு வயரையும் (சத்தத்தைக் கொண்டுபோகும் வயர்) கிரவுண்ட் வயரையும் இடம் மாற்றினால் சரி. ஜேயில் இரண்டு வயரும் தனியே ஒரு கவச வயரும் வந்தால், அந்த இரண்டை மட்டும் மாற்றுங்கள், கவசம் கிரவுண்டிலேயே இருக்கட்டும். ஒரே வயரும் சுற்றிப் பின்னிய கவசமுமாக வந்தால் அதை மாற்றக் கூடாது, மாற்றினால் கவசமே இரைச்சலைப் பிடிக்கும். அப்போது பியின் இரண்டு வயர்களை மாற்றிப் பூட்டுங்கள், பலன் ஒன்றுதான். கழற்றிய பழைய ஜேயை எறிய வேண்டாம். ஒரு பையில் போட்டு, ஸ்க்ரூக்களையும் சேர்த்துக் கட்டி வையுங்கள். நாளைக்குக் கிற்றாரை விற்க நேர்ந்தால் பழையதைத் திரும்பப் பூட்டிக் கொடுத்துவிட்டு, நல்ல பிக்கப்பை அடுத்த கிற்றாருக்கு எடுத்துக்கொள்ளலாம்.